கிரிசாந்த் நல்ல பொடியன்

ஸ்கூட்டி ஒன்று வெல்டிங் கடை வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டதும் துசாந்தன் தலையை ஓர் ஆட்டு ஆட்டினான். நெற்றிக்கு மேலே தூக்கி விட்டிருந்த வெல்டிங் முகமூடி டப்பென்று முகத்தில் வந்து விழுந்தது. அதற்குள் இருந்தவன் இனித் துசாந்தன் இல்லை.

"முதலாளி நிக்கிறாரா?"

"இல்லக்கா. இப்பதான் டவுனுக்குப் போனவர்."

"எப்ப வருவார்?"

"அது அவருக்கே தெரியா."

வந்தவள் ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கினாள். மூக்கையும் வாயையும் மூடிய கறுப்புத் துணி முகக்கவசம், அதற்கு மேலே கறுப்புக் கண்ணாடி, முழங்கை வரை கையுறை. கொரோனா போய் இத்தனை வருசமாகியும் ஸ்கூட்டி ஓடுகிற பெண்பிள்ளைகளிடம் இருந்து இந்த முகக்கவசம் மட்டும் போகவில்லை. கல்லடி ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் அது நல்ல காவல்தான். ஆனால் ஆள் இருபதா நாற்பதா என்று கண்டுபிடிக்க முடியாது.

"மயில் கேற் ஒண்டு..." என்று தொடங்கினாள்.

"செய்துகொண்டிரிக்கம் அக்கா."

மயில் உருவம் வைத்த அந்த வாசல் கேற்றுக்கு மூன்று பேர் சொல்லி வைத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் பொதுவாகக் கடைக்குள் ஒரேயொரு கேற் நின்றது. அதில் இரண்டு மயில்கள், ஒன்றுக்கு மட்டும் வால் இருந்தது. மற்றது எட்டு மாதமாகப் பெரிய கோழியைப் போல நின்றுகொண்டிருந்தது.

துசாந்தன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குடிக்க மாட்டான், சூதாட மாட்டான், கை வேலையில் அவனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. ஒரேயொரு கோளாறுதான். யாரையும் பார்த்து "ஏலாது" என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. பத்துப் பேர் வந்தால் பத்துப் பேருக்கும் "நாளைக்குத் தாறன்" என்பான். நாளைக்குப் பத்துப் பேரும் வந்து நிற்பார்கள். கடைப் பெயர்ப்பலகையில் 'குறித்த நேரத்தில்' என்று எழுதத் தொடங்கியவன், மிச்சத்தை நாளைக்கு எழுதுவோம் என்று விட்டு நாலு வருசம் ஆகிறது.

முகமூடி அவனைக் காப்பாற்றியது தற்செயலாகத்தான். இரண்டு வருசத்துக்கு முன் ஒரு மத்தியானம், ஒருவர் கோபமாக வந்து, "எங்க அந்தத் துசாந்தன்?" என்று கேட்டார். முகமூடிக்குள் இருந்த வாய் தன்பாட்டில், "அவர் வெளியில போய்ட்டார் ஐயா" என்று சொல்லிவிட்டது. வந்தவர் நம்பினார். பேரைக் கேட்டார். "கிரிசாந்த்" என்றான். அன்றிலிருந்து துசாந்தனின் கடையில் கிரிசாந்த் என்று ஒரு வேலைக்காரன் சேர்ந்துவிட்டான்.

கிரிசாந்துக்கு நாள் குறிக்கிற அதிகாரம் இல்லை. அதனால் அவன் பொய்நாள் சொல்லத் தேவையும் இல்லை. சின்ன வேலை என்றால் நின்ற நிலையில் செய்துகொடுத்து அனுப்புவான். பெரிய வேலை என்றால், வந்தவரோடு சேர்ந்து முதலாளியைத் திட்டுவான். திட்டக் கேட்டதும் வந்தவருக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும். "பாவம், நீ என்ன செய்வாய்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கிரிசாந்த் நல்ல பொடியன் என்று ஊரில் பேராகிவிட்டது.

இன்றைக்கும் அந்த வழியில்தான் போனான்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டா?" என்றாள் அந்தப் பெண். "உங்கட முதலாளி என்ன மாதிரி ஆள்?"

"என்னத்தச் சொல்ல அக்கா. சொன்ன நாளைக்கு ஒரு சாமானும் குடுத்ததாச் சரித்திரம் இல்ல."

"பொய் சொல்லுவாரா?"

"அது அவருக்கு மூச்சு விடுற மாதிரி."

"தண்ணி கிண்ணி போடுவாரா?"

"போடமாட்டார். ஆனா போட்ட ஆக்கள நம்பினாலும் இவர நம்ப ஏலாது."

"கலியாணம் முடிச்சிட்டாரா?"

"இல்லக்கா. எந்தப் பிள்ள வந்து மாட்டும்?"

அவள் தலையை ஆட்டினாள். முகக்கவசத்துக்குள் சிரித்தாளா முறைத்தாளா தெரியவில்லை. "நாளைக்கும் வருவன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

கடை வாசலில், கவிழ்த்து வைத்த பெயின்ற் வாளியில், ரோட்டைப் பார்த்தபடி ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். இளையதம்பி என்று பேர் சொல்லியிருந்தார். உடைந்த சைக்கிள் ஸ்டாண்டோடு காலையில் வந்தவர். கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி.

"கண்ணில படலம் வெட்டினது தம்பி," என்று வந்ததும் விளக்கம் சொன்னார். "மகள்ட வீட்டில நிக்கிறன். உங்கட வெளிச்சத்தப் பார்க்கப்படா. நான் அங்கால பார்த்துக்கொண்டு இரிக்கன், நீங்க ஒட்டுங்க."

கிரிசாந்த் அஞ்சு நிமிசத்தில் ஒட்டிக் கொடுத்தான். வயதானவர்கள் யாரைக் கண்டாலும் கேட்கிற கேள்விகளை அவரும் கேட்டார். எந்த ஊர், அம்மா இருக்கிறாவா, தாய்வழிக் குலத்தில் என்ன குடி. அவன் உள்ளதை உள்ளபடி சொன்னான். குடிப் பேரில் போய்ப் பொய் சொன்னால் நாக்கு அழுகிப் போகும் என்று அவனுக்கு ஒரு பயம்.

"நல்ல வேலை தம்பி. நாளைக்கு ஒரு மண்வெட்டி கொண்டுவாறன்," என்று கிழவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் போய்ப் பத்து நிமிசத்தில் போன் அடித்தது. அம்மா கண்ணகை.

"மனே, கடையிலதானே இரிக்காய்? ஒழுங்கா இரு. வெல்லாவெளிப் பொம்பிளை வீட்டு ஆக்கள் உன்ன விசாரிக்க ஆரையோ கல்லடிக்கு அனுப்பிரிக்காங்களாம். தரகர் இப்பதான் சொன்னவர்."

"ஆர அம்மா?"

"அது தெரிஞ்சா விசாரணையா? ஆம்பிளையோ பொம்பிளையோ தெரியா. ஆர் வந்து கேட்டாலும் நல்லாக் கதை. இதுவும் போனா நான் இனி ஒரு தரகர்ட படியும் ஏறமாட்டன்."

துசாந்தன் மெல்ல வாளியில் உட்கார்ந்தான்.

பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகிற ஊர்கள் இவை. வீட்டுக்குள் எடுக்கப்போகிற ஆளை விசாரிக்காமல் எடுப்பார்களா? ஏதோ சாமான் வாங்க வந்தவர் மாதிரி, விலாசம் தேடி வந்தவர் மாதிரி யாராவது வருவார்கள். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் அக்கம்பக்கத்தில் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போவார்கள். துசாந்தனின் முதலாவது சம்பந்தம், விசாரிக்க வந்தவர் பஸ்ஸில் சந்தித்த ஒருவரால் போனது. அந்த ஒருவர் இவனிடம் யன்னல் கம்பிக் கிறில்லுக்குச் சொல்லி ஒன்றரை வருசமாகக் காத்திருந்தவர். இரண்டாவது சம்பந்தத்தில் விசாரிக்க வந்தவரே இவனிடம் கோழிக்கூடு சொல்லி ஏமாந்தவர்.

அவை போனதில் அவனுக்குப் பெரிய கவலை இருக்கவில்லை. இது அப்படியில்லை. ஆர்த்திகா வெல்லாவெளிப் பிள்ளை, விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையத்தில் வேலை. சாதகம் பொருந்திய பிறகு மாமாங்கம் கோயிலில் வைத்து ஐந்து நிமிசம் காட்டினார்கள். இவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் இவனுடைய கைகளைப் பார்த்தாள். நெருப்புப் பொறி பட்டுப் பட்டுப் புள்ளி புள்ளியாகக் கிடந்த கைகள்.

"நோகாதா?" என்று கேட்டாள்.

"பழகிட்டு" என்றான். பன்னிரண்டு வருசத் தொழிலில் ஒருவரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டான்.

இப்போது யோசித்துப் பார்த்தான். கேற் என்று வந்தவள் அளவு கேட்கவில்லை. எப்போது முடியும் என்று கேட்கவில்லை. பொய் சொல்லுவாரா, தண்ணி போடுவாரா, கலியாணம் முடிச்சிட்டாரா. கேற்றுக்கும் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம்? வந்தது விசாரணைதான். அவளிடம்தான், எந்தப் பிள்ள வந்து மாட்டும் என்று தன் வாயாலேயே சொல்லி அனுப்பியிருக்கிறான்.

அடுத்த நாள் காலையில் அவள் வருவதற்கு முன்னரே முகமூடியைப் போட்டுக்கொண்டு நின்றான். நேற்றுக் கெடுத்தவன் கிரிசாந்த். அதைத் திருத்த வேண்டியவனும் கிரிசாந்த்தானே.

கிழவர் மண்வெட்டியோடு வந்து, ரோட்டைப் பார்த்தபடி தன் வாளியில் உட்கார்ந்திருந்தார். எதிர்க் கடையிலிருந்து ஒரு தேத்தண்ணியும் வந்திருந்தது.

ஸ்கூட்டி வந்தது.

"அக்கா, நேத்துச் சொன்னத மனசில வைக்காதீங்க," என்று அவள் இறங்க முதலே தொடங்கினான். "முதலாளி சரியான நல்ல மனுசன். தங்கம். சொன்னாச் சொன்னதுதான். பொய் எண்டா அவருக்குக் காய்ச்சல் வரும்."

அவள் அப்படியே நின்றாள். "நேத்து மூச்சு விடுற மாதிரி எண்டீங்க?"

"நேத்து எனக்குக் கொஞ்சம் கோபம் அக்கா. அவர் ஏசினவர்."

"ஏன் ஏசினவர்?"

"நான்... பொய் சொன்னதுக்கு."

"அப்ப பொய் சொல்லுறது நீங்களா அவரா?"

கிழவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

"சரி, முதலாளியக் கூப்பிடுங்க. நேர கேப்பம்," என்றாள் அவள்.

"கூப்பிடுறன் அக்கா. பின்னால நிக்கிறார்."

துசாந்தன் பின்கதவால் ஓடினான். முகமூடியைக் கழற்றித் தகர மறைப்புக்குள் செருகினான். குழாயில் முகத்தைக் கழுவினான். கொடியில் காய்ந்த சட்டையை மேலே மாட்டினான். தலையைக் கையால் வாரிக்கொண்டு, டவுனில் நாலு பேரைக் கண்டு வந்த ஆளின் நடையோடு முன்னால் வந்தான். முகமூடிப் பட்டி அழுத்திய கறுப்புக் கோடு மட்டும் நெற்றியில் அப்படியே இருந்தது. அதை அவன் கண்டானா?

"வாங்க தங்கச்சி. என்ன விசயம்?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் துசாந்தனா? உண்மையில இப்பிடி ஒருத்தர் இரிக்காரா எண்டு எனக்குச் சந்தேகமா இரிந்த."

"இரிக்கன் தங்கச்சி. எப்பயும் கடையிலதான் இரிக்கன்."

"உங்கட வேலைகாரப் பொடியன் நேத்து உங்களப் பத்திச் சொன்னதக் கேட்டா நீங்க அவன வெச்சிரிக்க மாட்டீங்க."

"அவன் கொஞ்சம் வாய்க்காரன்."

"அப்ப கூப்பிடுங்க அவன. ரெண்டு பேரையும் முன்னுக்கு வெச்சுக் கேப்பம். எது பொய் எண்டு தெரிஞ்சிரும்."

"அவன் இப்ப... பின்னால. இருங்க, நான் போய்க் கூட்டி வாறன்."

பின்னால் போனவனுக்கு ஒரு யோசனை வந்தது. வேலைக்காரனோடு அன்பாகப் பேசுகிற முதலாளி என்று அவளுக்குக் கேட்கட்டும். தகர மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று, தன் குரலில், "ஏன் மனே கிரிசாந்த், வந்த ஆக்களிட்ட அப்பிடிச் சொல்லலாமா?" என்றான். பிறகு முகமூடியை முகத்துக்கு நேரே பிடித்து, பானைக்குள் இருந்து வருகிற குரலில், "பிழைதான் முதலாளி, மன்னிச்சிருங்க," என்றான். அழகாகத்தான் போனது. முகமூடியில் ஊறியிருந்த புகை மூக்கில் ஏறி இரண்டு பேருக்கும் மாறி மாறி இருமல் வந்தது. அதைச் சமாளிக்கத் திரும்பியவனின் முழங்கை, சாத்தி வைத்திருந்த இரும்புத் தகட்டில் இடித்தது. தகடு, அதற்குப் பின்னால் இருந்த குழாய்கள், அவற்றுக்குப் பின்னால் இருந்த வாளி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. காலில் ஒன்று விழுந்தது.

"ஐயோ அம்மா" என்றது முகமூடிக்குள் இருந்த குரல்.

மேலே மாட்டிய சட்டையைக் கழற்றிவிட்டு முகமூடியோடு வெளியே வந்தபோது அவள் கண்ணாடிக்குள்ளிருந்து முறைப்பது அவனுக்கே தெரிந்தது.

"அடிக்கிறாரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லக்கா, இரும்பு விழுந்தது."

"பயப்படாதீங்க தம்பி. அந்த முகமூடியக் கழட்டுங்க பாப்பம். முகத்திலயா அடிச்சது?"

"கழட்ட ஏலாது அக்கா. வெல்டிங் வெளிச்சம் கண்ணில அடிச்சிட்டு. வெயில் படக்கூடா."

"கண் பழுதான ஆளையா வேலை வாங்குறார்?" அவள் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே முதலாளி இல்லை. "எங்க அவர்?"

"பின்கதவால போய்ட்டார் அக்கா."

"போய்ட்டாரா. அடிச்சிட்டுப் போய்ட்டாரா. நல்ல மனுசன்." அவள் ஸ்கூட்டியில் ஏறினாள். "நாளைக்கு வருவன் தம்பி. இதுக்கு ஒரு முடிவு எடுக்காம விடமாட்டன்."

அவள் போன பிறகு துசாந்தன் நொண்டிக்கொண்டு போய், கிழவரின் மண்வெட்டிக் காம்பு வளையத்தை ஒட்டத் தொடங்கினான்.

"உங்கட முதலாளிக்கும் உங்களுக்கும் ஒரே இருமல் தம்பி," என்றார் கிழவர், ரோட்டைப் பார்த்தபடி.

"ஒரே புகைதானே ஐயா குடிக்கம்."

"அதுவும் சரிதான்."

மண்வெட்டியை வாங்கித் தட்டிப் பார்த்தார். திருப்தியாக இருந்தது போலிருக்கிறது. நாளைக்குத் தேங்காய் துருவுகிற துருவலை ஒண்டு கொண்டுவாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கிழவருக்கு வீட்டில் உடையாத சாமானே இல்லையா என்று துசாந்தன் நினைத்தான். ஆனால் நினைக்க வேறு விசயங்கள் நிறைய இருந்தன.

பொய்யன் என்று முதல் நாள் பேர். வேலைக்காரனுக்கு அடிக்கிறவன் என்று இரண்டாம் நாள் பேர். மூன்றாம் நாள் என்ன பேர் வரப்போகிறதோ. வாயால் சொல்லி இனி ஒன்றும் ஓடாது. சொன்ன வேலையைச் செய்து முடிக்கிற ஆள் என்று கண்ணுக்கு முன்னால் காட்டினால்தான் உண்டு. மயில் கேற் என்று சும்மா ஒரு சாட்டுக்குத்தானே கேட்டாள், அந்தச் சாட்டையே உண்மையாக்கிவிடுவோம் என்று முடிவு செய்தான்.

கடைக் கதவைப் பாதி சாத்தினான். போனை நிறுத்தினான். கோழியாக நின்ற மயிலுக்கு முன்னால் உட்கார்ந்து, கம்பிகளை ஒவ்வொன்றாக வளைத்து, ஒட்டி, தேய்த்து வால் வைத்தான். இடையில் யாரும் வந்து "நாளைக்கு வேணும்" என்று சொல்லவில்லை. அதனால் அவனும் யாருக்கும் நாளைக்கு என்று சொல்லவில்லை. வெயில் சாய முதல் வேலை முடிந்துவிட்டது. எட்டு மாத வேலை அரை நாள் வேலைதான் என்று கண்டதும் அவனுக்கே வெட்கமாக இருந்தது. பச்சையும் நீலமுமாக இரண்டு பூச்சுப் பூசிக் காற்றாட விட்டான்.

மூன்றாம் நாள் முகமூடியை ஆணியில் மாட்டினான். இனிக் கிரிசாந்த் வேண்டாம். அவன் இருந்தால்தானே அடிக்கிறாரா, கண்ணைக் காட்டு என்ற கேள்விகள். இல்லாத ஆளைப் பற்றி என்ன விசாரிக்க?

கிழவர் துருவலையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். ஸ்கூட்டியும் வந்தது.

"எங்க கிரிசாந்த்?" அதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"அவன நிப்பாட்டிட்டன் தங்கச்சி."

"என்ன?"

"வேலையால நிப்பாட்டிட்டன். பொய் சொல்லுறான் எண்டு நீங்கதானே சொன்னீங்க. பொய் சொல்லுறவங்கள நான் வெச்சிரிக்கிறல்ல."

அவள் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அது நல்ல அறிகுறியாகத் துசாந்தனுக்குப் படவில்லை.

"கண் சுட்டுப்போன பொடியன, முந்தநாள் ஏசி, நேத்து அடிச்சு, இண்டைக்கு வேலையால கலைச்சிரிக்கீங்க. அப்பிடித்தானே?"

"அப்பிடி இல்ல தங்கச்சி..."

"எங்கட அண்ணன் தொழில் கந்தோரிலதான் வேலை, தொழிலாளர்ட முறைப்பாடெல்லாம் அங்கதான் போகும். அந்தப் பொடியன்ட விலாசத்தத் தாங்க. நான் இப்பவே போய்ப் பாக்கணும். ஆஸ்பத்திரிக்காவது கூட்டிப் போகணும்."

துசாந்தன் கேற்றைப் பார்த்தான். கிழவரின் முதுகைப் பார்த்தான். ஆணியில் தொங்கிய முகமூடியைப் பார்த்தான். இனி ஓட ஒரு பின்கதவும் இல்லை. ஆணியிலிருந்து முகமூடியை எடுத்துத் தலையில் மாட்டி, ஓர் ஆட்டு ஆட்டினான். டப்பென்று விழுந்தது.

"நான்தான் அக்கா கிரிசாந்த்," என்றது பானைக்குள் இருந்த குரல்.

பிறகு முகமூடியைத் தூக்கினான்.

"நான்தான் துசாந்தன். அடிச்சதும் நான்தான், அடி வாங்கினதும் நான்தான். தகடு விழுந்தது உண்மை. வேற ஒண்டும் உண்மையில்ல."

ரோட்டில் ஒரு மீன்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

"முதல் நாள் நான் சொன்னதெல்லாம் சரிதான்," என்றான் துசாந்தன். தொடங்கிய பிறகு அவனுக்கு நிறுத்த முடியவில்லை. "நான் சொன்ன நாளைக்கு ஒண்டும் குடுக்கிறல்ல. ஆருக்கும் ஏலாது எண்டு சொல்லப் பயம். முகமூடிக்குப் பின்னால நிண்டாத்தான் எனக்கு மனுசரோட ஒழுங்காக் கதைக்க வருது. கேற்ற நேத்து முடிச்சிட்டன், அது உங்களுக்குக் காட்டத்தான். ஆனா ஒண்டு மட்டும் ஆர்த்திகாட்டச் சொல்லுங்க. அந்தப் பிள்ள கேட்டவ, நோகாதா எண்டு. பழகிட்டு எண்டு சொன்னன். அதுவும் பொய். நோகும். ஒவ்வொரு தரமும் நோகும். கேக்க ஒரு ஆள் இரிந்தா நோகாது எண்டு நினைக்கிறன். அந்தப் பிள்ளைய எனக்கு நல்லாப் பிடிச்சிரிக்கி. வேணாம் எண்டா வேணாம். ஆனா பொய்யன் எண்டு மட்டும் சொல்லாதீங்க, இண்டைக்கு நான் பொய் சொல்லல்ல."

கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க முகமூடியைக் கீழே இறக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, இறக்காமல் நின்றான்.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். முகக்கவசத்தையும் இறக்கினாள். முப்பது வயது மதிக்கத்தக்க, வியர்வை படிந்த முகம். அதில் கோபம் இல்லை. விளங்காத பாடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் முழிதான் இருந்தது.

"எந்த ஆர்த்திகா?"

"வெல்லாவெளி ஆர்த்திகா. உங்கள அனுப்பின..."

"என்ன ஒருத்தரும் அனுப்பல்ல அண்ணன். நான் ஞானமணி டீச்சர்ட மகள் உசாந்தி. நாவற்குடாவில இரிக்கம். எங்கட மயில் கேற்றுக்கு வந்தனான். நாளைக்கு வீடு குடிபூரல்."

துசாந்தன் முகமூடியைத் தலையிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எட்டு மாசமா அம்மா வாறா, போறா," என்றாள் உசாந்தி. "கடையில கிரிசாந்த் எண்டு ஒரு பொடியன், தங்கமான பிள்ள, முதலாளியத்தான் காணக் கிடைக்கிறல்ல எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுவா. அந்த முதலாளி என்ன மாதிரி ஆள், குடிகாரனா, கேள்வி கேக்க வீட்டில ஒரு பொண்டாட்டியாவது இல்லையா எண்டு பார்க்கத்தான் வந்தனான்." அவள் அப்போதுதான் கேற்றைத் திரும்பிப் பார்த்தாள். "இது முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு."

"ரெண்டுக்கும் வால் இரிக்கி."

"ஓம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு போன் எடுத்து யாரையோ லான்ட் மாஸ்டர் வண்டி கொண்டுவரச் சொன்னாள். அரை மணித்தியாலத்தில் வண்டி வந்தது. இரண்டு மயில்களும் வாலோடு ஏறிப் புறப்பட்டன. "அண்ணன், நாளைக்குச் சாப்பாட்டுக்கு வாங்க," என்று போகும்போது சொன்னாள். "கிரிசாந்தயும் கூட்டி வாங்க, அம்மா பாக்க ஆசப்படுவா."

கடை திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. துசாந்தன் வெறும் நிலத்தில் உட்கார்ந்தான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் பெரிய நிம்மதியாகவும் இருந்தது. வெல்லாவெளியில் இருந்து இன்னும் ஒருவரும் வரவில்லை. ஒன்றும் கெட்டுப் போகவில்லை. வருகிறவர் வரட்டும், முகமூடி இல்லாமல் நின்று உள்ளதைச் சொல்லுவோம். அப்படி நினைத்துக்கொண்டு கிழவரின் துருவலையை எடுத்துக் கழன்ற காலை ஒட்டிக் கொடுத்தான்.

"முடிஞ்சிட்டு ஐயா. இண்டைக்கு உங்களுக்குக் கொஞ்சம் சத்தம் கூடிப்போச்சு. குறை நினைக்காதீங்க."

"இதில என்ன தம்பி," என்றார் இளையதம்பி. மூன்று நாளில் முதல் தடவையாக வாளியில் இருந்தபடியே கடைப் பக்கம் திரும்பினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணைச் சுருக்கி, துசாந்தனின் முகத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு புள்ளி புள்ளியாகக் கிடந்த கைகளையும் பார்த்தார். சட்டைப் பைக்குள் இருந்து சின்னப் போன் ஒன்றை எடுத்து, இலக்கத்தைத் தேடி அழுத்தினார். துசாந்தனுக்கும் கேட்கட்டும் என்பது போல, உரத்துத்தான் கதைத்தார்.

"ஓம் புள்ள ஆர்த்திகா, பெரியப்பாதான் கதைக்கன். மூண்டு நாளா இரிந்து ரெண்டு பேரையும் நல்லா விசாரிச்சிட்டன். அந்த முதலாளி நமக்குச் சரிவராது புள்ள, அவர விடுவம். வேலைகாரப் பொடியன் கிரிசாந்தப் பேசி முடிப்பம்."